கேனோவில் ஏற்றச் சரியான சட்டி எது?

சென்ற ஆண்டு ஒரு நீண்ட வார இறுதியில் நாங்கள் ஆறு பேர் திரங்கானு மாநிலத்தின் கென்யிர் ஏரிக்குப் புறப்பட்டோம். மூன்று கேனோ, இரண்டு இரவு, கரையோரத்தில் கூடாரம். எந்தத் துடுப்பு, எந்த உயிர்காப்பு அங்கி, யார் யாருடன் அமர்வது என்று வாட்சாப் குழுவில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. சமையல் சட்டியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் இருப்பதை நான் எடுத்து வருகிறேன் என்று நான் எழுதிய ஒரே வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துப் போனவை இரண்டு. ஒன்று, விருந்து நாள்களில் மட்டும் இறங்கும் அம்மாவின் பெரிய குவாலி. மற்றொன்று, மேல்பூச்சு அங்கங்கே கீறிப்போன பழைய ஒட்டாத சட்டி.

முதல் இரவு, கையடக்க கேஸ் அடுப்பில் குவாலியை ஏற்றி நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, அறுபது வயதைத் தாண்டிய பாக்சிக், பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். குவாலியை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பின் பக்கவாட்டில் கேஸ் கலன் இருக்கும் மூடியின் மேல் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்த வேகத்தில் கையை எடுத்தேன். அவ்வளவு சூடு. அந்தக் குவாலி அடுப்பை மட்டுமல்லாமல் கலனையும் குடைபோல மூடியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் காலை விறகுத் தீயில் ஒட்டாத சட்டியை வைத்தேன். முட்டை வேகும் முன்பே பிளாஸ்டிக் கைப்பிடி இளகித் தொங்கியது. புகை நாற்றம் வேறு.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்திய விஷயம் வீடு திரும்பிய பிறகுதான் தெரியவந்தது. எங்கள் குழுவில் இருந்த மலாய்த் தோழி இரண்டு நாளும் பிஸ்கட், டின் சார்டின், ரொட்டி என்றே சமாளித்தாள். பசி இல்லை என்றுதான் சொன்னாள். எங்கள் வீட்டுச் சட்டியில் இதற்கு முன் என்ன சமைத்தார்கள் என்று கேட்க அவளுக்குக் கூச்சம். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இன்னொரு தோழி முழுச் சைவம். நெத்திலி பொரித்த அதே குவாலியில் அவளுக்குத் தௌஃபு வாட்டிக் கொடுத்தேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

ஆக, ஒரு சட்டி விஷயத்தில் பாதுகாப்பு, சாப்பாடு, சக மனிதர் மூன்றிலும் கோட்டை விட்டேன். அதன்பின் வேறு குழுக்களுடன் சில முறை துடுப்புப் போட்டாயிற்று. படித்ததும் பட்டதும் சேர்த்து, புதிதாகச் செல்வோருக்காக எழுதுகிறேன்.

பெயரில் ஒரு குழப்பம்

தமிழில் வாணலி என்கிறோம், இருப்புச்சட்டி என்கிறோம், தோசைக்கல் என்கிறோம். மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட குவாலியும் நம் வீடுகளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் அடி தட்டையாக, ஓரம் சற்று உயர்ந்து, நீளமான ஒற்றைக் கைப்பிடியோடு இருக்கிறதே, அதற்கென்று நமக்கு ஒரு தனிப் பெயர் நிலைக்கவில்லை. பாத்திரக் கடையில் பிரைபேன் என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். தமிழ் படித்தவள் என்ற முறையில் இதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. இங்கே அதைச் சட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

குவாலியா சட்டியா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். மூன்று கல் கூட்டிய விறகு அடுப்புக்குக் குவாலியைப் போல் வேறொன்று இல்லை. குழிந்த அடியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாலே மீன் முங்கிப் பொரியும். தோட்டப்புற வீடுகளில் அது அப்படித்தான் பயன்பட்டது. ஆனால் உருண்டை அடி, முகாம் அடுப்பின் சிறிய தாங்கிகளில் ஆடும். கேனோவில் அடுக்கவும் முடியாது, எப்படி வைத்தாலும் இடத்தை அடைக்கும். கேஸ் அடுப்பில் சமைப்பவருக்குத் தட்டையான சட்டிதான் சரி.

அடுப்பைப் பார்த்த பிறகே சட்டி

பலரும் சட்டியை வாங்கிவிட்டு அடுப்பைத் தேடுகிறார்கள். வரிசை மாறிப்போகிறது.

நம் ஊரில் ஸ்டீம்போட் விருந்துக்குப் பயன்படும் பெட்டி வடிவ கேஸ் அடுப்பைத்தான் பெரும்பாலானோர் முகாமுக்கும் தூக்கிச் செல்கிறார்கள். அதன் கலனுக்குள் திரவ நிலையில் இருப்பது பியூட்டேன். சூடு ஏற ஏற அதன் ஆவி அழுத்தம் கூடும். 25 டிகிரி செல்சியசில் இருக்கும் அழுத்தம் 50 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இந்த வகைக் கலன்களின் மேல் 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருப்பது அதனால்தான். தரமான அடுப்பில் அழுத்தம் எல்லை மீறினால் கலனைத் துண்டிக்கும் பொறி இருக்கும். பழைய அடுப்பில், துரு ஏறிய அடுப்பில் அந்தப் பொறியை நம்பிச் சமைப்பது விவேகம் அல்ல.

சட்டி இதில் எங்கே வருகிறது? அடியில் படும் தீ, சட்டியின் விளிம்பு வரை பரவிப் பக்கவாட்டில் வெளியேறும். விளிம்பு அடுப்பைத் தாண்டிக் கலன் மூடியின் மேல் நீண்டிருந்தால், அந்தச் சூடு அத்தனையும் கலன் மீது இறங்கும். சட்டியும் தன் பங்குக்குச் சூட்டைக் கீழே வீசும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய தட்டை ஏற்றுவது இன்னும் மோசம். அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுருட்டி வைப்பதும் அதே ரகம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுப்பின் மேல் சட்டியை நடுவாக வைத்து, மேலிருந்து நேராகப் பாருங்கள். கலன் அறையின் மூடி முழுமையாகத் தெரிய வேண்டும். சட்டி அதன் ஒரு பகுதியை மறைத்தாலும் அது அந்த அடுப்புக்குரிய சட்டி அன்று. அடுப்போடு வரும் கையேட்டில் பாத்திரத்தின் உச்ச அளவு குறிப்பிட்டிருப்பார்கள். நாம்தான் கையேட்டைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

கலனின் தலையிலேயே திருகிப் பொருத்தும் சின்ன அடுப்பு இன்னொரு வகை. மலையேறிகள் விரும்புவது. இதில் கலன் அடியில் இருப்பதால், காற்றுத் தடுப்பைச் சுற்றிலும் மூடிவிட்டால் அங்கேயும் சூடு தேங்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும். இந்த அடுப்பின் தீ ஒரு கைக்கடிகார முகப்பு அளவுதான். அதன் மேல் மெல்லிய, அகன்ற சட்டியை வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்கும். நீண்ட, கனமான கைப்பிடியும் ஆபத்து. சட்டியில் ஒன்றும் இல்லாதபோது கைப்பிடியின் பாரமே அதைச் சாய்த்துவிடும். கடையிலேயே சட்டியைச் சமதளத்தில் வைத்துக் கைப்பிடியை விடுங்கள். தானாகச் சாய்ந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எத்தனை பேருக்கு எவ்வளவு?

20 செண்டிமீட்டர் சட்டிக்கும் 26 செண்டிமீட்டர் சட்டிக்கும் வித்தியாசம் ஆறு செண்டிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 314 சதுர செண்டிமீட்டர், இரண்டாவது 531. ஒன்றரை மடங்குக்கும் மேல். கடைகளில் குறிப்பிடும் அளவு மேல் விளிம்பின் விட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓரம் சரிவாக இருந்தால் அடியில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு.

இரண்டு பேருக்கு 20 போதும். நான்கு பேர் வரை 24 அல்லது 26. அதற்கு மேல் ஆள் இருந்தால் சட்டியைப் பெரிதாக்குவதைவிட, இரண்டாவது சட்டி ஒன்றைச் சேர்ப்பது நல்லது. 30 செண்டிமீட்டர் சட்டி முகாம் அடுப்புக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேனோ என்றால் திறந்த படகு, எதையும் போடலாம். மூடிய கயாக்கில் போகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அதன் பொருள் அறைக்கு வட்டமான சிறு வாய்தான் இருக்கும். பல வாடகைக் கயாக்குகளில் அது 20 செண்டிமீட்டர்கூட இராது. சட்டியை உள்ளே நுழைக்க முடியாமல் படகுத்துறையில் விழித்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகைக்கு எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே வாயின் அளவைக் கேட்டுவிடுங்கள். கைப்பிடி மடியும் அல்லது கழலும் வகை இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் கழலும் கைப்பிடியை இரண்டு மூன்று முறை ஆட்டிப் பாருங்கள். சூடான எண்ணெயோடு இருக்கும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஆட்டுங்கள்.

எந்த உலோகம்?

இதில்தான் ஆளுக்கொரு கட்சி. என் கட்சியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் இரும்புக் கட்சி.

முதலில் எடை. எஃகின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 7.8 கிராம் அளவில் இருக்கிறது. அலுமினியம் 2.7. ஒரே அளவு, ஒரே கனம் என்றால் அலுமினியச் சட்டி மூன்றில் ஒரு பங்கு எடைதான். 26 செண்டிமீட்டர் விட்டத்தில், 2 மில்லிமீட்டர் கனத்தில் வெறும் எஃகு வட்டத்தகடு மட்டுமே 830 கிராம் வரும். ஓரமும் கைப்பிடியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். வார்ப்பிரும்பு இன்னும் கனமாக வார்க்கப்படுவதால் அதே அளவில் இரண்டு கிலோவுக்கு மேல் போகும்.

முதுகில் சுமந்து மலையேறுபவருக்கு இந்த வித்தியாசம் உயிர் போகும் விஷயம். கேனோக்காரருக்கு அப்படி இல்லை. சுமப்பது நீர்தான். நாம் சுமப்பது காரிலிருந்து படகுத்துறை வரை, பிறகு கரையிலிருந்து கூடாரம் வரை. கென்யிரில் பங்காலான் காவி படகுத்துறையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டால் போதும். ஒன்றரைக் கிலோ பெரிய பாரம் அல்ல. வட அமெரிக்காவில் ஏரிக்கு ஏரி படகையும் மூட்டையையும் தோளில் தூக்கிக் கடப்பார்கள். அவர்கள் எழுதிய ஆலோசனைகளைப் படித்துவிட்டு இங்கே கிராம் கணக்குப் பார்ப்பது வீண்.

அடுத்தது சூடு பரவுவது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக வெப்பம் கடத்தும். துருப்பிடிக்காத எஃகு, நாம் எவர்சில்வர் என்பது, இரும்பைவிடவும் மந்தம். எவர்சில்வரில் மெல்லிய சட்டி வாங்கினால் தீ பட்ட இடத்தில் மட்டும் முட்டை கருகி ஒட்டும். டைட்டானியமும் அதே கதைதான். இறகு போல் லேசாக இருக்கிறது என்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது தண்ணீர் கொதிக்க வைக்கவும் மெகி மீ ஆக்கவும் நல்ல பாத்திரம். பொரிப்பதற்கு அல்ல.

ஒட்டாத மேல்பூச்சு கொண்ட அலுமினியச் சட்டியை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கேஸ் அடுப்பில், மிதமான தீயில், காலையில் முட்டையோ தோசையோ சுட அதைவிடச் சுலபமானது இல்லை. எண்ணெய் குறைவு, கழுவும் நீர் குறைவு. அதன் பூச்சு பிடிஎஃப்இ என்ற பொருள். 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் வேறொரு ஆய்வின்போது தற்செயலாகக் கண்டது. 260 டிகிரி வரை அதனால் தாக்குப்பிடிக்க முடியும். 327 டிகிரியில் உருகும். அதற்கு மேல் சிதைந்து மூச்சுக்குக் கேடான புகையை வெளியிடும். வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இந்தச் சட்டியைக் காலியாகக் காய விடக் கூடாது என்று எச்சரிப்பது அந்தப் புகை காரணமாகத்தான். காய்கறி, முட்டை உள்ளே இருக்கும்வரை சட்டி அவ்வளவு சூடாகாது. காலிச் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடங்களில் எல்லை தாண்டிவிடும். விறகுத் தணல் அதைவிடப் பல மடங்கு சூடு. எனவே விறகில் வைக்கவே கூடாது. கென்யிரில் நான் செய்தது அதுதான். பீங்கான் பூச்சு என்று விற்பவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அவற்றின் வழுவழுப்பு விரைவில் போய்விடுகிறது.

இனி என் கட்சி. வார்ப்பிரும்பு வேண்டாம், தகட்டு இரும்பு போதும். சிலர் கார்பன் எஃகு என்பார்கள். நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கு ஓரம் எழுப்பிக் கைப்பிடி வைத்தது போன்றது. கேஸ், விறகு, தணல் எதிலும் வைக்கலாம். கீழே போட்டால் நசுங்கும், வார்ப்பிரும்பு போல் உடையாது. கரண்டியால் சுரண்டினாலும் கவலை இல்லை.

அதற்கு ஒரு வேலை மட்டும் உண்டு: பழக்க வேண்டும். புதுத் தோசைக்கல்லை நம் பாட்டிமார் எப்படிப் பழக்கினார்கள் என்பது நினைவிருக்கும். அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காய வைத்து, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய். நடப்பது இதுதான்: மிக மெல்லியதாகப் பூசிய எண்ணெய், புகையும் அளவுக்குச் சூடாகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கருந்தோலாகப் படிகிறது. பல முறை செய்யும்போது தோல் மேல் தோல் ஏறுகிறது. அதுவே ஒட்டாமலும் துருப்பிடிக்காமலும் காக்கிறது. எண்ணெயை அதிகம் ஊற்றினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். துடைத்தெடுத்த பிறகு எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அந்த அளவு சரி. பயணத்துக்கு முதல் நாள் வாங்கிக்கொண்டு ஓடாமல், இரண்டு வாரம் வீட்டில் தோசை சுட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பிரிக்பீல்ட்ஸ் பக்கங்களில் உள்ள நம் பாத்திரக் கடைகளில் இரும்புச் சட்டியும் கல்லும் கிடைக்கும். முகாம் பொருள் விற்கும் கடைகளுக்குப் போகும் முன் அங்கே ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

சம்பல் விஷயம்

முகாமில் நாசி லெமாக் இல்லாமல் காலைப் பசியாறல் உண்டா? இங்கேதான் இரும்புச் சட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சம்பலில் புளி இருக்கும், சிலர் தக்காளியும் சேர்ப்பார்கள். புளிப்பை நீண்ட நேரம் இரும்பில் கொதிக்க வைத்தால் பழக்கிய கருந்தோல் கரையும், சம்பலில் இரும்பு வாடை ஏறும், நிறமும் மாறும். ஒரே சமையலில் இரண்டு வார உழைப்பு போய்விடும்.

இதற்குச் சுலபமான வழி, சம்பலை வீட்டிலேயே எண்ணெய் பிரியும்வரை வதக்கிப் போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் எடுத்துப் போவது. முகாமில் நெத்திலியும் நிலக்கடலையும் முட்டையும் பொரித்தால் போதும். அங்கேயே சம்பல் ஆக்கித்தான் தீருவேன் என்பவர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

பிடித்த மீனை எண்ணெயில் முங்கப் பொரிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தட்டைச் சட்டியில், மண்தரையில் நிற்கும் சின்ன அடுப்பில், இருட்டில் அதைச் செய்யாதீர்கள். மீனை மெல்லிய துண்டாக்கி, நீரை நன்கு ஒற்றியெடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, சட்டி காய்ந்த பிறகு சிறிது எண்ணெயில் இரு பக்கமும் வாட்டுங்கள். சட்டியில் ஒரு துளி நீர் விட்டால் அது உருண்டோட வேண்டும். அதற்கு முன் போட்ட மீன் ஒட்டாமல் வராது.

ஒரே சட்டி, ஆறு பேர்

பெரிய சட்டி ஒன்றைவிடச் சிறிய சட்டி இரண்டு நல்லது என்று சொன்னதன் இன்னொரு காரணம் இது.

நம் நாட்டில் நண்பர்கள் குழு என்றால் ஓரினத்தார் மட்டும் இருப்பது அபூர்வம். முஸ்லிம் நண்பருக்கு, சட்டியில் இன்று என்ன சமைக்கிறோம் என்பதோடு முன்பு என்ன சமைத்தோம் என்பதும் கேள்வி. வீட்டுச் சட்டியைக் கழுவித்தானே எடுத்து வந்தேன் என்பது நமக்குப் போதுமானதாக இருக்கலாம், அவருக்குப் போதாது. குழுவுக்கென்று புதுச் சட்டி வாங்கி, அதில் ஹலால் இறைச்சி, மீன், முட்டை தவிர வேறெதுவும் ஏறாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டால் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. செலவை ஆறாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

ஒன்றைக் கவனியுங்கள். இரும்புச் சட்டிகள் சில, கடைக்கு வரும் முன்பே எண்ணெயில் பழக்கப்பட்டவை. எந்த எண்ணெய் என்று அட்டையில் பாருங்கள், குறிப்பிடாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். சீன முறையில் குவாலியைப் பன்றிக் கொழுப்பால் தேய்த்துப் பழக்கும் வழக்கம் உண்டு. பழக்காத சட்டியை வாங்கி நாமே தாவர எண்ணெயில் பழக்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தப் பழக்கும் வேலையை என் மலாய்த் தோழியின் வீட்டுச் சமையலறையில்தான் செய்தோம். அவளுடைய அம்மா எங்களைவிட நன்றாகச் செய்தார்.

இரண்டாவது, 20 செண்டிமீட்டர் சட்டி சைவத்துக்கு. அதற்கெனத் தனிக் கரண்டி. கைப்பிடியில் பச்சை நாடா சுற்றிவிட்டோம், இருட்டில் மாறிப்போகாமல் இருக்க. தெம்பே, தௌஃபு, தோசை எல்லாம் அதில். அடுப்பும் ஒன்றே என்றால் முதலில் சைவச் சட்டி ஏற வேண்டும், பிறகுதான் மீன். மீன் எண்ணெய் தெறித்த அடுப்பைத் துடைத்துவிட்டு அவளைக் காத்திருக்கச் சொல்வதைவிட அது மரியாதை.

படகில் எங்கே வைப்பது?

கனமான பொருள் கீழே, நடுவில். சட்டியைப் படகின் அடித்தளத்தில், நடுக்கோட்டை ஒட்டிப் படுக்க வையுங்கள். மூட்டைகளின் உச்சியில் செருகினால் கேனோ ஆடும்போது பாரமும் சேர்ந்து ஆடும். நீர்புகாப் பைக்குள் வைப்பதானால் துணியில் சுற்றுங்கள், இரும்பு விளிம்பு பையைக் கிழிக்கும்.

படகு கவிழ்ந்தால் கூடாரம் மிதக்கும், அரிசிப்பை மிதக்கலாம். சட்டி நேராக அடிக்குப் போகும். கென்யிர் 1985-இல் கட்டி முடிந்த அணையால் காடு மூழ்கி உருவான ஏரி. அடியில் இன்னமும் பட்ட மரங்கள் நிற்கின்றன. அங்கே விழுந்ததைத் தேட இறங்குவது அறிவீனம். கைப்பிடியின் துளையில் நைலான் கயிறு கோத்துப் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். ஆனால் கயிறு குட்டையாக இருக்கட்டும், நீளக் கயிறு காலில் சிக்கும்.

கழுவுவதும் துடைப்பதும்

ஏரியில் நேரே சட்டியைக் கழுவாதீர்கள். சவர்க்காரம் மட்டும் அல்ல, எண்ணெயும் சோற்றுப் பருக்கையும்கூட நீருக்கு நல்லதல்ல. பகாங்கின் பெரா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, மலேசியாவின் முதல் ஈரநிலம் அது. செமலாய் பழங்குடி மக்களின் வாழ்விடமும் அதுவே. நாம் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போகும் நீரில் அவர்கள் தினமும் மீன் பிடிக்கிறார்கள்.

பழக்கிய இரும்புச் சட்டிக்குச் சவர்க்காரமே தேவைப்படாது என்பது இங்கே கைகொடுக்கிறது. சூடு ஆறும் முன் தாளால் எண்ணெயைத் துடைத்து, தாளைக் குப்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏதும் ஒட்டியிருந்தால் ஒரு குவளை நீர் ஊற்றிக் கொதிக்க வைத்துச் சுரண்டி, நீரோட்டத்திலிருந்து 60 மீட்டராவது தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். பிறகு சட்டியைத் தீயில் காட்டி உலர்த்தி ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். நம் காற்றின் ஈரப்பதத்தில், ஈரமாக விட்ட இரும்பு விடியும் முன்பே செம்பழுப்பாகிவிடும். உப்புக் காற்று வீசும் கடலோர முகாமில் இன்னும் வேகம். துரு வந்தால் பதற வேண்டாம், தேய்த்துவிட்டு மறுபடி பழக்கலாம்.

இரவில் சட்டியைக் கூடாரத்துக்கு வெளியே அப்படியே விட்டால் எறும்பு வரிசை கட்டும், காலையில் குரங்குகள் கூட்டமாக வரும். அதற்காக உணவு வாடை வீசும் சட்டியைக் கூடாரத்துக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. துடைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, தூங்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கிழக்குக் கரைக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் இன்னொரு முறை கென்யிர் போய்வரத் திட்டம். இரண்டு சட்டியும் இப்போது எண்ணெய் தடவி, நாளிதழ்த் தாளில் சுற்றி, என் அறையின் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. சுற்றியிருப்பது எந்த நாளிதழ் என்பதை ஆசிரியரிடம் சொல்லவில்லை.